பட்டை மணக்கும் ஆப்பிள் வதக்கல்: அமெரிக்கத் தென்மாநிலப் பக்குவம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அதிலும் அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டிய டென்னசி, வட கரோலினா, வர்ஜீனியா, வடக்கு ஜார்ஜியா பக்கமெல்லாம், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முட்டை, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, சுடச்சுட பிஸ்கட் (நம் ஊர் பிஸ்கட் அல்ல, மென்மையான சிறு ரொட்டி) இவற்றோடு ஒரு சின்னக் கிண்ணமும் வரும். உள்ளே பழுப்புப் பாகில் பளபளக்கும் ஆப்பிள் துண்டுகள். கிண்ணம் மேசைக்கு வருமுன்பே பட்டை வாசனை வந்துவிடும். இதை ஃப்ரைடு ஆப்பிள்ஸ் என்பார்கள். பெயரைப் பார்த்து எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட வேண்டாம். கொஞ்சம் வெண்ணெயில் வதக்கி, மூடி வேகவைத்து, பாகைச் சுண்டவைத்து இறக்குவதுதான் மொத்த வேலையும். சமையலுக்குப் புதியவர்களும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது சாப்பாடு முடிந்தபின் வரும் இனிப்பு அல்ல. சாப்பாட்டோடு வரும் தொடுகறி. உப்புக் கரிக்கும் இறைச்சிக்கும் வெண்ணெய் தடவிய பிஸ்கட்டுக்கும் இடையில், புளிப்பும் இனிப்புமாக நாக்குக்கு ஒரு மாற்றம் தருவதே இதன் வேலை. இது புரிந்துவிட்டால் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த ஆப்பிள் என்பதெல்லாம் தானாகவே பிடிபடும். சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் ஆப்பிளின் ருசி செத்துப்போய் வெறும் பாகுதான் மிஞ்சும்.

இந்தச் சமையல் மலையடிவாரத்தில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். தென்மாநிலச் சமவெளியின் வெக்கை அதற்கு ஆகாது, மலைச்சரிவுகள் ஆகும். வட கரோலினாவில் ஹெண்டர்சன்வில், ஜார்ஜியாவில் எல்லிஜே, இரண்டும் ஆப்பிளுக்குப் பேர்போன ஊர்கள். எல்லிஜேயை ஒட்டி ஓடும் 52ஆம் எண் நெடுஞ்சாலையில் இலையுதிர் காலத்தில் போனால் வழிநெடுகத் தோட்டக் கடைகள்தான். அக்டோபரில் ஊரே ஆப்பிள் திருவிழா கொண்டாடும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மலைக்குடும்பங்கள் நல்ல காய்களை நிலவறையில் அடுக்கிவைத்தன. கொஞ்சத்தை வில்லைகளாக்கிக் காயவைத்தன. அடிபட்டது, உதிர்ந்தது, தோல் சுருங்கியது எல்லாம் அன்றன்றே சட்டிக்குப் போனது. காலையில் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சியை வறுத்த அதே இரும்புச் சட்டியில், அதில் மிஞ்சிய கொழுப்பிலேயே ஆப்பிளையும் போட்டு வதக்கிவிடுவார்கள். பிற்பாடு இந்தப் பதார்த்தத்தை மலையைத் தாண்டி நாடு முழுக்கப் பரப்பியதில் நெடுஞ்சாலை உணவகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1969இல் டென்னசியின் லெபனான் நகரில் தொடங்கிய கிராக்கர் பேரல் உணவகத்தில் இன்றைக்கும் இது கிடைக்கும்.

எந்த ஆப்பிள்?

பாதி சமையல் கடையிலேயே முடிந்துவிடுகிறது என்பேன். ஆப்பிளில் வெந்தாலும் வடிவம் கலையாதவை உண்டு. சூடு பட்டதும் மசிந்துபோகிறவையும் உண்டு. தோலின் நிறத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. கடித்துப் பார்க்க வேண்டும். நறுக்கென்று உடைந்து, சாறு தெறித்து, பின்நாக்கில் புளிப்புத் தட்டினால் அது சட்டிக்கு ஏற்ற ஆப்பிள். மாவுபோல் உதிர்ந்தால் வேண்டாம்.

எளிதாகக் கிடைப்பதில் முதல் தேர்வு பச்சை நிற கிரானி ஸ்மித். 1860களில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அருகே பிறந்த வகை இது. புளிப்பு தூக்கலாக இருக்கும், சதை கெட்டி, சட்டியில் நின்று வேகும். ஆனால் வாசனை குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க மஞ்சள் நிற கோல்டன் டெலிஷியஸ் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிளே கவுண்டியில் ஒரு பண்ணையில் தானாக முளைத்த மரம். 1914இல் ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றுப்பண்ணை அதை விலைக்கு வாங்கிப் பரப்பியது. மேற்கு வர்ஜீனியாவின் மாநிலப் பழமும் இதுதான். அப்பலாச்சியன் மலையிலேயே பிறந்த ஆப்பிள் என்பதால் இந்தச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? தேன் மணம் இருக்கும், தோல் மெல்லிசு, வெந்ததும் இளகும். இரண்டிலும் பாதிப் பாதி எடுத்தால் கிரானி ஸ்மித் கடிக்கக் கிடைக்கும், கோல்டன் டெலிஷியஸ் கொஞ்சம் கரைந்து பாகுக்குச் சேர்மானமாகும். என் கணக்கில் இதுதான் சரியான கலவை.

ஹனிகிரிஸ்ப், பிங்க் லேடி, பிரேபர்ன், ஜோனகோல்ட் இவையும் நன்றாக வரும். ஹனிகிரிஸ்ப் விலை அதிகம். அதைப் பச்சையாகத் தின்பதே மேல். காலாவும் ஃபூஜியும் இனிப்பானவை. அவைதான் கையில் இருக்கின்றன என்றால் சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள். மெக்கின்டாஷ் சீக்கிரம் கரைந்துவிடும், கூழுக்குத்தான் நல்லது. தோட்டக் கடைகளில் அர்கன்சாஸ் பிளாக் என்று கருஞ்சிவப்பில், கல்லுபோல ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பறித்த புதிதில் கடிக்கவே முடியாது. சில வாரங்கள் குளிர்ச்சியில் இருந்து பக்குவப்பட்டதும் சட்டிக்கு அருமையாக இருக்கும்.

ரெட் டெலிஷியஸ் மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, வெந்தால் சதை மாவாகும், தோல் தடித்துத் தனியே உரிந்து வாயில் தட்டும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம்: காஷ்மீர், இமாச்சல் ஆப்பிளில் பெரும்பங்கு இந்த ரெட் டெலிஷியஸ் குடும்பம்தான். இமாச்சலின் கோட்கட் பகுதிக்கு அதைக் கொண்டுவந்து நட்டவரே அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ்தான். இந்தியாவில் இருப்பவர்கள் பெரிய பழக்கடைகளில் இறக்குமதிப் பச்சை ஆப்பிளைத் தேடி வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் இருப்பதில் கெட்டியான, அதிகம் பழுக்காத காயாகப் பார்த்து எடுங்கள். தோலைச் சீவிவிட்டு, வேகவைக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

பட்டையில் இரண்டு வகை

அமெரிக்காவில் பட்டைத் தூள் என்று விற்பது பெரும்பாலும் கசியா வகை. இந்தோனேசியா, வியட்நாம், சீனா பக்கத்திலிருந்து வருவது. காரமும் இனிப்பும் கலந்த அழுத்தமான வாசனை. தென்மாநிலச் சமையலில் பழகிய மணம் அதுதான். நம் ஊர்க் கடைகளில் பிரியாணிக்கென்று விற்கும் தடித்த, முரட்டுப் பட்டையும் பெரும்பாலும் கசியாவே. இலங்கையில் கறுவா என்று சொல்லப்படுவது வேறு மரத்தின் பட்டை. மெல்லிய ஏடுகள் பல சுற்றாகச் சுருண்டு, கையால் நொறுக்கினாலே உடையும். வாசனை மிருதுவாக, கொஞ்சம் எலுமிச்சைச் சாயலோடு இருக்கும்.

இரண்டில் எது என்றால், தென்மாநில ருசி அப்படியே வேண்டுமானால் கசியா. கறுவாவைப் போடுகிறவர்கள் அளவை ஒன்றரை மடங்காக்கலாம். கோல்டன் டெலிஷியஸோடு கறுவா சேரும்போது வரும் நாசூக்கான மணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூமரின் என்ற பொருள் கசியாவில் அதிகம், கறுவாவில் மிகக் குறைவு. அது அளவுக்கு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது ஒரு தேக்கரண்டி போட்டு நாலு பேர் சாப்பிடுவதில் பயமில்லை. தினமும் பட்டைத் தூள் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களும் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளும் கறுவாவுக்கு மாறிக்கொள்வது நல்லது.

எதை வாங்கினாலும் புட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இரண்டு வருஷமாக அலமாரியில் கிடக்கும் தூளில் மண்வாசனைதான் வரும். பட்டையை வாங்கி, வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி, ஆறவிட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் அந்த மணமே தனி. சலிக்காமல் போட்டால் நறநறவென்று பல்லில் மாட்டும்.

தேவையானவை

நாலு பேருக்குத் தொடுகறியாகப் போதுமான அளவு இது. நடுத்தர அளவு ஆப்பிள் நாலு, எடை 700 கிராம் வாக்கில். உப்பில்லாத வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, அதாவது 42 கிராம். அதில் ஒரு கரண்டியைக் கடைசிக்கு எடுத்துவைக்க வேண்டும். பழுப்புச் சர்க்கரை கால் கப், அழுத்தி நிரப்பியது, சுமார் 55 கிராம். பட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி. ஜாதிக்காய் துருவினால் ஒரு சிட்டிகை. உப்பு கால் தேக்கரண்டி. எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி. தண்ணீரோ ஆப்பிள் சாறோ கால் கப், 60 மில்லி.

பழுப்புச் சர்க்கரை என்பது மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருத்த பாகு) சேர்ந்த ஈரச் சர்க்கரை. அது இல்லாத இடத்தில் நாட்டுச் சர்க்கரை அப்படியே பொருந்தும். ருசியும் கிட்டத்தட்ட அதே ஆழத்தில் இருக்கும். மண் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அந்தக் கால் கப் தண்ணீரிலேயே கரைத்து வடிகட்டி ஊற்றிவிடலாம். வெள்ளைச் சர்க்கரையிலும் செய்யலாம், ஆனால் பாகு வெளிறி, இனிப்பு மட்டும் தனியே நிற்கும்.

சாறு வாங்கும்போது கவனம். அமெரிக்கக் கடைகளில் ஆப்பிள் சைடர் என்று குளிர்ப்பகுதியில் இருப்பது வடிகட்டாத, கலங்கலான ஆப்பிள் சாறு, மது அல்ல. இலையுதிர் காலத்தில் தோட்டக் கடைகளிலும் கிடைக்கும். தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றினால் ருசி ஒரு படி ஏறும். ஆப்பிள் சைடர் வினிகர் என்பது காடி. அவசரத்தில் பெயரைப் பாதி படித்துவிட்டு அதை எடுத்து வந்துவிடாதீர்கள். இன்னொரு ஊரிலோ, வேறு நாட்டிலோ சைடர் என்றால் மதுவாகவும் இருக்கலாம். அங்கே சாதாரண ஆப்பிள் சாறு போதும், சர்க்கரை சேர்க்காததாக.

பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும். தென்மாநில வீடுகளில் வார்ப்பிரும்புச் சட்டிதான். டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் லாட்ஜ் நிறுவனம் 1896 முதல் இதே ஊரில் வார்த்துக்கொண்டிருக்கிறது. 12 அங்குலச் சட்டி இந்த அளவுக்குச் சரி. நன்றாகப் பழகின, எண்ணெய் ஏறிய சட்டி என்றால் ஆப்பிளின் புளிப்பு கால் மணி நேரத்தில் அதை ஒன்றும் செய்துவிடாது. புதுச் சட்டியாக இருந்தால் பாகு கறுத்து இரும்பு வாடை அடிக்கும். அப்படியிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நான்ஸ்டிக்கோ போதும். மூடி ஒன்று வேண்டும். சட்டிக்குரிய மூடி இல்லையென்றால் ஒரு பெரிய தட்டைக் கவிழ்க்கலாம்.

செய்முறை

முதலில் ஆப்பிளை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கடை ஆப்பிளில் பெரும்பாலும் மெழுகுப் பூச்சு இருக்கும், பச்சைத் தண்ணீருக்குச் சரியாகப் போகாது. தோலைச் சீவுவதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். நான் தோலோடு விடுவேன். துண்டின் வடிவத்தைத் தோல்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது, நிறமும் கொடுக்கிறது. பல் இல்லாத பெரியவர்களோ குழந்தைகளோ சாப்பிடுவதாக இருந்தால் வரிவரியாகப் பாதித் தோலைச் சீவிவிடலாம்.

நாலாக வகிர்ந்து, விதைப்பகுதியைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு கால் பங்கையும் மூன்றாக நீளவாக்கில் நறுக்குங்கள். துண்டின் முதுகுப் பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் இருக்க வேண்டும். மெல்லிசாகச் சீவினால் ஐந்து நிமிஷத்தில் கூழாகிவிடும். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருப்பது முக்கியம்; இல்லாவிட்டால் பாதி வேகாமலும் பாதி குழைந்தும் நிற்கும். நறுக்கியதைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டாம். கறுத்துப்போகுமே என்ற பயம் இங்கே தேவையில்லை, எப்படியும் பழுப்புப் பாகில்தான் முங்கப்போகிறது. ஈரத்தோடு சட்டிக்குப் போனால்தான் வம்பு.

சட்டியை மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிஷம் காயவிடுங்கள். 2 மேசைக்கரண்டி வெண்ணெயைப் போட்டால் உருகி நுரைக்கும். அந்த நுரை அடங்கும் வரை பொறுங்கள். நுரை என்பது வெண்ணெயில் உள்ள தண்ணீர் ஆவியாவது. அது அடங்கி, நெய் காய்ச்சும்போது வருவது போன்ற மணம் லேசாக எழும்பும் நேரம்தான் ஆப்பிளைப் போடும் நேரம்.

துண்டுகளைப் பரப்பிப் போடுங்கள். ஒன்றிரண்டு மேலே ஏறிக்கொண்டால் பரவாயில்லை. குவியலாகக் கொட்டினால் வதங்காது, ஆவியில் அவிந்துபோகும். போட்டபின் கையை வைக்காமல் மூன்று நிமிஷம் விடுங்கள். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கிளறக் கிளறத் துண்டின் மேற்பரப்பு சிவக்காமல் சாறு மட்டும் விடும். அடிப்பக்கம் அங்கங்கே பொன்னிறமாக மாறியதும் தட்டையான கரண்டியை அடியில் நுழைத்துப் புரட்டிவிட்டு, இன்னும் இரண்டு நிமிஷம்.

இப்போது சர்க்கரை, உப்பு, பட்டைத் தூள் மூன்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து பரவலாகத் தூவுங்கள். பட்டைத் தூளில் கால் தேக்கரண்டியை மட்டும் கடைசிக்கு நிறுத்திவையுங்கள். சர்க்கரையை முதலிலேயே போடாததற்குக் காரணம் இருக்கிறது. அது ஆப்பிளின் தண்ணீரை வெளியே இழுக்கும். சட்டி நீர்த்துப்போனால் துண்டு சிவக்க வழியில்லை. அதோடு சர்க்கரையும் பட்டைத் தூளும் காய்ந்த சட்டியில் நேரடியாகப் பட்டால் சீக்கிரம் தீய்ந்து கசக்கும். தூவியபின் மெதுவாக ஒரு தரம் புரட்டுங்கள். ஒரு நிமிஷத்தில் சர்க்கரை உருகித் துண்டுகளின் மேல் ஏறும்.

தண்ணீரையோ சாற்றையோ ஓரமாக ஊற்றி, சலசலவென்று கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள். மூடியபின் 5 நிமிஷம். அமெரிக்க வாடகை வீடுகளில் இருக்கும் மின்னடுப்பு சட்டென்று குளிராது. குமிழைத் திருப்பினால் மட்டும் போதாது. தீ குறைய வேண்டிய நேரத்தில் சட்டியை அரை நிமிஷம் அடுப்பிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.

ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து, கனமான துண்டாக ஒன்றைப் பார்த்துக் கத்தி முனையால் குத்துங்கள். தோலுக்குக் கீழே சதை வழிவிட வேண்டும், ஆனால் நடுவில் மெல்லிய எதிர்ப்பு ஒன்று கத்தியில் தட்ட வேண்டும். அதுதான் பதம். இன்னும் கொஞ்சம் வேகவேண்டும்போல் இருக்கும் அந்தக் கட்டத்திலேயே மூடியை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பாகு சுண்டும் நேரத்தில் மிச்சமும் வெந்துவிடும். கோல்டன் டெலிஷியஸ் நாலைந்து நிமிஷத்தில் இந்தப் பதத்துக்கு வரும். கிரானி ஸ்மித்துக்கு ஆறேழு ஆகலாம். இரண்டையும் கலந்து செய்கிறவர்கள் கிரானி ஸ்மித்தை இரண்டு நிமிஷம் முன்னதாகவே சட்டியில் போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

மூடியை எடுத்ததும் தீயைச் சற்றுக் கூட்டுங்கள். சட்டியில் இப்போது ஆப்பிள் விட்ட சாறும் சேர்ந்து தளதளவென்று இருக்கும். மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் அது சுண்டும். முதலில் குமிழிகள் சின்னதாக, வேகமாக வெடிக்கும். சுண்டச் சுண்டப் பெரிதாகி, மெதுவாக, கனமாக எழும்பும். சத்தமும் சலசலப்பிலிருந்து தொப்தொப்பென்று மாறும். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். பாகு உடனே ஓடி வந்து மூடினால் இன்னும் நேரம் வேண்டும். ஒரு நொடி யோசித்துவிட்டு மூடினால் அடுப்பை அணைத்துவிடலாம். நம் பலகாரப் பாகு மாதிரி கம்பிப் பதம் வரை போகக் கூடாது. ஆறியதும் மிட்டாயாக இறுகிவிடும்.

அடுப்பை அணைத்தபின் எடுத்துவைத்த வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, நிறுத்திவைத்த பட்டைத் தூள், ஜாதிக்காய் நான்கையும் சேர்த்து, சட்டியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். கரண்டி வேண்டாம், துண்டுகள் உடையும். எலுமிச்சையைக் கடைசியில் சேர்ப்பதால் புளிப்பு பளிச்சென்று நிற்கும். பட்டையின் வாசனை சீக்கிரம் ஆவியோடு போய்விடக்கூடியது. அதனால்தான் அந்தக் கால் தேக்கரண்டி. ஐந்து நிமிஷம் ஆறவிட்டால் பாகு தானாகக் கெட்டிப்பட்டுத் துண்டுகளைப் போர்த்திக்கொள்ளும். சுடச்சுட ருசி பார்த்து முடிவு கட்ட வேண்டாம், நாக்கும் வெந்துபோகும். ஆறியபின் பார்த்து, இனிப்பு தூக்கலாக இருந்தால் எலுமிச்சை இன்னும் சில சொட்டு. சப்பென்று இருந்தால் உப்பு ஒரு சிட்டிகை. இரண்டாவது பல பேருக்குத் தோன்றாது. உப்புதான் ஆப்பிளின் ருசியை எழுப்பிக் கொடுக்கிறது.

தவறிப்போனால்

பாகு நீர்த்தே கிடக்கிறது, ஆப்பிளோ குழையத் தொடங்கிவிட்டது என்றால் துண்டுகளை ஓட்டைக் கரண்டியால் ஒரு தட்டுக்கு எடுத்துவிட்டுப் பாகை மட்டும் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். சில வீடுகளில் ஒரு தேக்கரண்டி மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளவர்) தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். பளபளப்பு வரும், உணவக ஜாடையும் வரும். சுண்டவைத்த பாகின் அடர்த்தி அதில் வராது என்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

பாகு சுண்டிவிட்டது, ஆப்பிள் இன்னும் கெட்டி என்றால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி இன்னும் இரண்டு நிமிஷம். முழுக்கக் குழைந்துபோனதை வீணாக்க வேண்டாம். மசித்து, இன்னும் பத்து நிமிஷம் சிறு தீயில் கிளறினால் ரொட்டிக்குத் தடவ அருமையாக இருக்கும். அடிப்பிடித்துத் தீய்ந்த நெடி வந்தால் மட்டும் கிளறவே கிளறாதீர்கள். மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பகுதி தப்பும்.

எதோடு சாப்பிடுவது?

தென்மாநிலப் பிஸ்கட் மோரில் பிசைந்து சுட்ட, ஏடு ஏடாகப் பிரியும் மென்மையான சிறு ரொட்டி. அதைப் பிட்டு, உள்ளே ஒரு கரண்டி ஆப்பிளை வைத்துப் பாகு ஊற விட்டுத் தின்பதுதான் மரபு. கிரிட்ஸ் எனப்படும் மக்காச்சோளக் கஞ்சியின் பக்கத்திலும் வரும். இரவுச் சாப்பாட்டில் பன்றித் துண்டு வறுவலோடும் வரும். இறைச்சி சாப்பிடாதவர்கள் உப்புத் தூக்கலான ஏதாவது ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். உப்பு வெண்ணெய் தடவிய வாட்டிய ரொட்டி, செடார் சீஸ் போட்ட முட்டை ஆம்லெட், இப்படி. வனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றியும் சாப்பிடுகிறார்கள். தவறில்லை, குழந்தைகள் விரும்புவார்கள். ஆனால் அது வேறு பதார்த்தம்.

கைப்பழக்கம் வந்தபின் சில மாற்றங்களைச் செய்து பார்க்கலாம். வெண்ணெயில் ஒரு கரண்டிக்குப் பதில் பேக்கன் வறுத்த கொழுப்பைச் சேர்த்தால் பழைய மலைவீட்டு ருசி வரும். அப்போது உப்பைப் பாதியாக்கிவிட வேண்டும். டென்னசி, கென்டக்கி பக்கம் சர்க்கரைக்குப் பதில் இனிப்புச் சோளத் தட்டையின் சாற்றைக் காய்ச்சிய சோர்கம் பாகை ஊற்றுவார்கள். கிட்டத்தட்ட கரும்புப் பாகுதான், லேசான புளிப்போடு. அது கிடைத்தால் மூன்று மேசைக்கரண்டி ஊற்றித் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு, ஏலக்காய் என்று மசாலாப் பெட்டியையே கவிழ்க்க நம் கை துறுதுறுக்கும். முதல் தடவையாவது பட்டையையும் ஜாதிக்காயையும் தாண்டாமல் செய்யுங்கள்.

அளவை இரட்டிப்பாக்கும்போது ஒரே சட்டியில் திணிக்காமல் இரண்டு தடவையாக வதக்கி, வேகவைக்கும் கட்டத்தில் ஒன்று சேருங்கள். அப்போதும் தண்ணீர் கால் கப்புக்கு மேல் வேண்டாம், ஆப்பிளே போதுமான சாறு விடும்.

மிஞ்சினால் மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள் இருக்கும். சூடுபண்ணும்போது மைக்ரோவேவைவிட சட்டி நல்லது: ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சிறு தீயில் இரண்டு நிமிஷம். இரும்புச் சட்டியிலேயே இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். புளிப்பு இரும்பை அரித்து ஆப்பிள் கறுத்துவிடும், சட்டியின் எண்ணெய்ப் பூச்சும் போய்விடும். சாப்பிட உட்காரும் முன்பே ஆப்பிளை மாற்றிவிட்டு, சூடு இருக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் பாகு தானே கரைந்துவிடும். கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, துணியால் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.